அண்ணன் கிட்னியே சேராத உடம்புக்குப் பன்றிக் கிட்னி சேருமா?

கேள்வி: ஐயா, ஏற்காட்டிலிருந்து உள்ளே தள்ளி ஒரு கிராமத்தில் இருக்கிறோம். மூன்று ஏக்கர் காப்பி, ஊடே மிளகு, கொஞ்சம் ஆரஞ்சு. என் மனைவிக்கு 39 வயது. இரண்டு வருடமாக டயாலிசிஸ். வாரத்துக்கு மூன்று தரம் இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கிச் சேலம் வந்து போகிறோம். அவளுடைய அண்ணன் தானாகவே கிட்னி தருகிறேன் என்று வந்தார். ரத்த வகை சேர்ந்தது. ஆனால் 'கிராஸ் மேட்ச் பாசிட்டிவ், வைக்க முடியாது' என்று சொல்லிவிட்டார்கள். நான் கொடுக்கிறேன் என்றேன். எனக்கும் பாசிட்டிவ்.

அமெரிக்காவில் பன்றிக் கிட்னியை மனிதருக்கு வைத்துவிட்டார்கள் என்று வாட்ஸப்பில் வந்தது. அப்புறம் ஒருவர் போனில் பேசினார். வெளிநாட்டு ஆஸ்பத்திரியில் பெயர் பதிய இரண்டு லட்சம் முன்பணம் கேட்கிறார். எனக்கு ஒன்று புரியவில்லை. கூடப்பிறந்த அண்ணன் கிட்னியே சேராது என்கிற உடம்புக்குப் பன்றிக் கிட்னி எப்படிச் சேரும்? நாங்கள் எலுமிச்சை வேர்க்கன்றில் ஆரஞ்சை ஒட்டுகிறோமே, அந்த மாதிரியா? என் அம்மா வேறு, 'பன்றியை உடம்புக்குள் வைத்துக்கொண்டு சேர்வராயன் கோயிலுக்கு எப்படிப் போவாள்' என்கிறார். கடைசியாக ஒன்று, அவள் கேட்கச் சொன்னது: எங்கள் தோட்டத்து ஆரஞ்சு ஒன்றாவது சாப்பிடலாமா?

பதில்:

முதலில் பண விஷயம். அந்த ஆளுக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

பன்றிக் கிட்னி இன்றைக்கு எந்த நாட்டிலும் பணம் கட்டிப் பதிந்துகொள்கிற சிகிச்சையாக இல்லை. ஆராய்ச்சியாகத்தான் நடக்கிறது. 2025-ல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ ஒரு ஆய்வுக்கு அனுமதி கொடுத்தது. முதலில் 6 பேர், பிறகு 50 பேர் வரை என்று திட்டம். அதில் சேர 55 முதல் 70 வயதுக்குள் இருக்க வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். உங்கள் மனைவிக்கு 39. ஏற்காட்டு நோயாளியைப் போனில் பிடித்து அதில் சேர்த்துவிட யாராலும் முடியாது. இன்னொரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். இப்படிப் பன்றியில் ஆரம்பிக்கிற பேச்சு, நாலு மாதம் கழித்து 'மனிதக் கிட்னியே இருக்கிறது, விலை கொஞ்சம் ஆகும்' என்று திரும்பலாம். உறுப்பை விற்பதும் வாங்குவதும் அதற்குத் தரகு பேசுவதும் 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். 2011-ல் அதைத் திருத்தி, 5 முதல் 10 ஆண்டு சிறை, 20 லட்சம் முதல் ஒரு கோடி வரை அபராதம் என்று ஆக்கிவிட்டார்கள். வாங்குகிறவரும் மாட்டிக்கொள்வார்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். நல்ல கேள்வி. எம்.பி.பி.எஸ். மாணவர்களிடம் நான் எதிர்பார்த்து, அவர்கள் கேட்காமல் போகிற கேள்வி.

எலுமிச்சை வேரில் ஆரஞ்சு பிடிக்கிறது. பலாவில் ஆரஞ்சு ஒட்டிப் பாருங்கள், பிடிக்காது. நெருங்கிய சாதி மரமாக இருந்தால் பட்டைக்குப் பட்டை ஒட்டி, சாறு ஓட வழி கிடைத்துவிடும், அவ்வளவுதான். மரத்துக்குள் ரத்தம் ஓடுவதில்லை. அந்த ரத்தத்தில் மிதந்துகொண்டு 'இது யார், நம் வீட்டு ஆளா' என்று ஒவ்வொரு செல்லையும் தடவிப் பார்க்கிற காவல்காரர்களும் இல்லை. நம் உடம்பில் இருக்கிறார்கள். ஒட்டுக்கும் உறுப்பு மாற்றுக்கும் உள்ள வித்தியாசம் முழுக்க அங்கேதான்.

கிராஸ் மேட்ச் என்று ஒன்று செய்தார்களே, அதில் என்ன நடக்கிறது தெரியுமா? உங்கள் மைத்துனரின் ரத்தத்திலிருந்து வெள்ளை அணுக்களைத் தனியாகப் பிரிப்பார்கள். சின்னச் சின்னக் குழி கொண்ட ஒரு தட்டு. குழிக்குக் கொஞ்சமாக அந்த அணுக்களைப் போட்டு, அதன்மேல் உங்கள் மனைவியின் சீரம், அதாவது ரத்தம் உறைந்த பிறகு மேலே தெளிகிற மஞ்சள் நீர், ஒரு சொட்டு. அப்புறம் முயல் ரத்தத்திலிருந்து எடுத்த கம்ப்ளிமென்ட் என்கிற புரதக் கூட்டம். கொஞ்ச நேரம் விட்டுச் சாயம் ஊற்றி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். உயிரோடு இருக்கிற செல் சாயத்தை உள்ளே விடாமல் பளபளவென்று இருக்கும். செத்த செல் ஊதிப்போய்ச் சாயம் ஏறிக் கிடக்கும். உங்கள் மனைவியின் சீரம் பட்டு அண்ணனின் அணுக்கள் செத்துப்போயிருந்தால், அதற்குப் பெயர்தான் பாசிட்டிவ். அந்தக் குழிக்குள் நடந்தது நாளைக்குக் கிட்னிக்குள் நடக்கும் என்று அர்த்தம்.

ஏன் சாகின்றன? நம் செல்களில் பெரும்பாலானவற்றின் மேல் எச்எல்ஏ என்று ஒரு அடையாளம் இருக்கிறது. பாதி அப்பாவிடமிருந்து, பாதி அம்மாவிடமிருந்து வருவது. பிறத்தியாரின் எச்எல்ஏவை ஒரு தரம் பார்த்துவிட்ட உடம்பு அதற்கு எதிராக ஆன்டிபாடி என்ற எதிர்ப்புப் புரதத்தைச் செய்து வைத்துக்கொள்ளும். பிறத்தியாரின் எச்எல்ஏ உள்ளே வர மூன்று வழி: பிரசவம், ரத்தம் ஏற்றுவது, முன்பே ஒரு உறுப்பு மாற்று. வயிற்றில் வளர்ந்த குழந்தையின் பாதி அடையாளம் உங்களுடையது. அதனால்தான் பிள்ளை பெற்ற மனைவிக்குக் கணவன் கிட்னி கொடுக்க வரும்போது இப்படி அடிக்கடி முட்டிக்கொள்கிறது. உங்கள் மேல் குற்றம் எதுவும் இல்லை. கிரகம் என்று யாராவது சொன்னாலும் நம்பாதீர்கள். எத்தனை பிரசவம், சிசேரியனா, எத்தனை பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள் என்பதை நீங்கள் எழுதவில்லை. அதை உட்கார்ந்து யோசித்து, தேதியோடு எழுதி வையுங்கள். எங்களுக்கு அது முக்கியம்.

இந்த ஆன்டிபாடி எவ்வளவு வேகமாக வேலை செய்யும் என்பதை நான் மேற்படிப்புப் படித்த காலத்தில் ஒரே ஒரு தரம் கண்ணால் பார்த்திருக்கிறேன். எந்த ஊர், எந்த மருத்துவமனை என்பது வேண்டாம். கிட்னியை வைத்து ரத்தக் குழாய்களைத் தைத்து முடித்துக் கிளிப்பை எடுத்தார்கள். வெளிறிக் கிடந்த கிட்னி ரோஜா நிறமாகித் துடித்தது. எல்லோரும் சிரித்தோம். சில நிமிடம்தான். ஓரத்தில் நீலத் திட்டு ஒன்று தெரிந்தது. அது பரவியது. தொட்டால் உறுதியாக இருந்த கிட்னி கொழகொழவென்று ஆகி, கத்தரிக்காய் நிறத்துக்குப் போய்விட்டது. திரும்ப எடுத்துப் போட வேண்டியதாயிற்று. பிறகு விசாரித்ததில், கிராஸ் மேட்ச் செய்த சீரம் பழையது. அதற்குப் பின்னால், நடுவில் ஒரு மாதம், கிட்னி வாங்கிக்கொண்ட அந்த அம்மாவுக்கு இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றியிருக்கிறார்கள், அதை யாரும் எழுதி வைக்கவில்லை. கொடுத்தவர் அந்த அம்மாவின் தம்பி. அவருக்கு அன்று மாலை யார் போய்ச் சொல்வது என்று நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம்.

சாதாரணப் பன்றியின் கிட்னியை எந்த மனிதருக்கு வைத்தாலும் இதே காட்சிதான் நடக்கும். காரணம் ஒரு சர்க்கரை. ஆல்ஃபா-கேல் என்று பெயர். பன்றி, மாடு, ஆடு எல்லாவற்றின் செல் மேலும் அது உண்டு. மனிதனும் மனிதக் குரங்குகளும் அதைச் செய்கிற மரபணுவை இரண்டு கோடி வருடங்களுக்கு முன்பே இழந்துவிட்டோம். ஆனால் நம் குடலில் இருக்கும் பாக்டீரியாக்கள் மேலும் அதே சர்க்கரை இருப்பதால், குழந்தைப் பருவத்திலேயே அதற்கு எதிரான ஆன்டிபாடி நம் ரத்தத்தில் வந்துவிடுகிறது. பன்றியை வாழ்நாளில் பார்த்திராதவர் உடம்பிலும் இருக்கும். உங்கள் மனைவிக்கு அண்ணன்மேல் இருக்கிற ஆன்டிபாடி எனக்கு இருக்காது. பன்றிமேல் உள்ளது நம் எல்லோருக்கும் உண்டு.

இங்கேதான் இரண்டு வழியும் பிரிகின்றன. அண்ணன் கிட்னி சேரவில்லை என்றால் அண்ணனின் அடையாளத்தை அழிக்க முடியாது. அவர் பிறந்து வளர்ந்த மனிதர். வாங்குகிறவரின் ஆன்டிபாடியைத்தான் குறைக்கப் பார்க்க வேண்டும். பன்றியிலோ கொடுக்கிற பக்கத்தையே திருத்திவிடலாம். பன்றியின் செல் ஒன்றை எடுத்து, அந்தச் சர்க்கரையைச் செய்யும் மரபணுவை வெட்டி, அந்தச் செல்லின் உட்கருவைக் உட்கரு நீக்கிய முட்டைக்குள் வைத்து, தாய்ப் பன்றியின் கருப்பையில் வளர்க்கிறார்கள். டாலி என்ற செம்மறி ஆட்டை 1996-ல் பிறக்க வைத்த அதே முறை. பன்றிக்குச் சினைக்காலம் 114 நாள்தான், ஒரு ஈற்றில் பல குட்டி, உறுப்பின் அளவும் மனிதனுக்கு ஒத்துவரும். குரங்கை விட்டுவிட்டுப் பன்றிக்கு வந்ததற்கு இதெல்லாம் காரணம்.

அந்த ஒரு சர்க்கரையை எடுத்ததும் வேலை முடிந்துவிடவில்லை. இன்னும் இரண்டு சர்க்கரைகள் உண்டு, அவற்றையும் எடுத்தார்கள். அப்புறமும் கொஞ்சம் ஆன்டிபாடி ஒட்டத்தான் செய்யும். ஒட்டினால் கம்ப்ளிமென்ட் வந்து ஓட்டை போடும். நம் செல்களை நம் கம்ப்ளிமென்டே ஓட்டை போடாமல் இருக்க, செல் மேல் சிடி46, சிடி55 என்று சில தடுப்புப் புரதங்கள் இருக்கின்றன. அந்த மனித மரபணுக்களைப் பன்றிக்குள் புகுத்தினார்கள். ரத்தம் உறைவது இன்னொரு தகராறு. பன்றியின் ரத்தக் குழாய்ச் சுவரும் மனித ரத்தமும் பேசுகிற பாஷை வேறு. உறையாமல் தடுக்கிற சமிக்ஞை சரியாகப் போய்ச் சேராது, நுண்ணிய குழாய்களில் ரத்தம் கட்டிக்கொள்ளும். அதற்கு மனிதனின் த்ராம்போமாடுலின் மரபணு. விழுங்கும் அணுக்கள் வந்து தின்னாமல் இருக்க 'நான் உன் ஆள்தான்' என்று சொல்கிற சிடி47. இப்படிப் பத்து மாற்றம் செய்த பன்றி ஒன்று, 69 மாற்றம் செய்த பன்றி ஒன்று என்று இப்போது இரண்டு வகை பேசப்படுகின்றன. அந்த 69-ல் 59 மாற்றங்கள், பன்றியின் மரபணுவுக்குள்ளேயே ஒளிந்திருக்கும் பழைய வைரஸ் துண்டுகளைச் செயலிழக்கச் செய்வதற்கானவை. கிரிஸ்பர் என்ற வெட்டுக் கருவி 2012-க்குப் பிறகு கையில் வராமல் இருந்திருந்தால் அத்தனை இடத்தில் கை வைத்திருக்க முடியாது.

உங்கள் கேள்விக்கு நேர்ப் பதில் இதுதான்: உங்கள் மனைவியின் ஆன்டிபாடி மனித எச்எல்ஏவுக்கு எதிரானது. பன்றியின் அடையாளப் புரதங்கள் வேறு. ஆகவே அண்ணன் சேராத உடம்புக்குப் பன்றி சேர வாய்ப்பு உண்டு. ஆனால் சில எச்எல்ஏ ஆன்டிபாடிகள் பன்றியின் புரதத்தையும் தவறாகப் பிடித்துக்கொள்ளும். அதனால் பன்றிக்கும் தனியாக ஒரு கிராஸ் மேட்ச் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

உங்கள் மனைவியைப் போன்ற ஒருவருக்கு வைத்தும் பார்த்திருக்கிறார்கள். டோவானா லூனி, அமெரிக்காவின் அலபாமா மாநிலத்துப் பெண்மணி. 1999-ல் தன் அம்மாவுக்கு ஒரு கிட்னியைக் கொடுத்தவர். பிறகு கர்ப்பகாலத்தில் வந்த ரத்த அழுத்தத்தில் மிச்சமிருந்த கிட்னியும் பழுதாகி, 2016 முதல் டயாலிசிஸ். ஆன்டிபாடி மிக அதிகம். மனிதக் கிட்னி கிடைக்க வழி இல்லை. 2024 நவம்பரில் நியூயார்க்கில் அவருக்குப் பன்றிக் கிட்னி வைத்தார்கள். 130 நாள் டயாலிசிஸ் இல்லாமல் இருந்தார். பிறகு ஒரு நோய்த்தொற்று வந்தது. அதற்காக எதிர்ப்பை அடக்கும் மாத்திரைகளைக் குறைத்தார்கள். குறைத்ததும் உடம்பு கிட்னியை ஒதுக்கிவிட்டது. 2025 ஏப்ரலில் எடுத்துவிட்டு மறுபடி டயாலிசிஸ். மாத்திரையைக் கூட்டினால் கிருமி, குறைத்தால் ரிஜெக்‌ஷன். மனிதக் கிட்னி வைத்தவர்களிடமும் தினமும் நாங்கள் நடக்கிற கயிறு இதுதான். பன்றியில் கயிறு இன்னும் மெலிசு.

மற்றவர்கள் கதையையும் சுருக்கமாகச் சொல்கிறேன், வாட்ஸப்பில் பாதிதான் வரும். 2022 ஜனவரியில் மேரிலாண்டில் டேவிட் பென்னட் என்பவருக்குப் பன்றி இதயம். இரண்டு மாதம் இருந்தார். அந்த இதயத்தில் பன்றியின் சைட்டோமெகலோ வைரஸ் ஒன்று ஒளிந்து வந்திருந்தது பிறகுதான் தெரிந்தது. 2024 மார்ச்சில் பாஸ்டனில் ரிக் ஸ்லேமேனுக்கு அந்த 69 மாற்றக் கிட்னி. எட்டாம் நாள் ரிஜெக்‌ஷன் தலைகாட்டி, மருந்தில் அடங்கியது. இரண்டு மாதத்துக்குள் அவர் இறந்தார். கிட்னியால் இறந்ததாக அறிகுறி இல்லை என்றார்கள். 2025 ஜனவரியில் அதே மருத்துவமனையில் டிம் ஆண்ட்ரூஸ்: 271 நாள் வேலை செய்தது, பிறகு எடுத்தார்கள். நம் நாட்டிலும் ஒரு பழைய கதை உண்டு. 1997-ல் குவாஹாத்தி பக்கத்தில் தனிராம் பருவா என்ற அறுவை மருத்துவர், மரபணு மாற்றம் எதுவும் இல்லாத பன்றியின் இதயத்தையும் நுரையீரலையும் ஒருவருக்கு வைத்தார். நோயாளி ஒரு வாரத்தில் இறந்துவிட்டார், மருத்துவர் கைதானார். அந்தக் காலத்தில் அது அவசரம் என்பதுதான் என் எண்ணம். 271 நாள் என்பதை நான் சின்னதாக நினைக்கவில்லை. மரபணு மாற்றாத பன்றிக் கிட்னி என்றால் நிமிடக் கணக்கு, மிஞ்சினால் மணிக் கணக்கு. ஆனால் 39 வயதுப் பெண்ணுக்கு நான் தேடுவது பத்து, பதினைந்து வருடம்.

அதனால் உங்கள் கையில் இப்போது இருக்கிற வழிகளைப் பார்ப்போம். 'பாசிட்டிவ், முடியாது' என்ற இரண்டு வார்த்தையோடு கோப்பை மூடியிருக்கிறார்கள். எனக்கு அது போதவில்லை.

அந்தக் கிராஸ் மேட்ச் காகிதத்தை எடுத்துப் பாருங்கள். சிடிசி முறையா (மேலே சொன்ன குழித் தட்டு முறை), ஃப்ளோ முறையா (கருவியில் வைத்துப் பார்ப்பது). டி செல்லா, பி செல்லா (இரண்டும் வெள்ளை அணுவில் இரண்டு வகை). டிடிடி போட்ட பிறகும் பாசிட்டிவா என்று எழுதியிருக்கும். டிடிடி (DTT) ஒரு ரசாயனம், பூச்சிமருந்து டிடிடி அல்ல. ஐஜிஎம் என்ற ஒரு வகை ஆன்டிபாடியை அது உடைத்துவிடும். சில பேருக்குத் தங்கள் செல்லுக்கே எதிராக இருக்கும், ஆபத்தில்லாத ஐஜிஎம் ஆன்டிபாடியால் பொய்ப் பாசிட்டிவ் வரும். டிடிடி போட்டுப் பார்த்தால் நெகட்டிவ் ஆகிவிடும். அதைப் பார்க்காமலே மறுத்துவிடுவதும் நடக்கிறது. அடுத்து, 'சிங்கிள் ஆன்டிஜன் பீட்' என்று ஒரு ரத்தப் பரிசோதனை. எந்தெந்த எச்எல்ஏவுக்கு எதிராக எவ்வளவு ஆன்டிபாடி என்று பட்டியலாகவே வரும். அண்ணனுக்கு எதிரானது குறைந்த அளவு என்றால், பிளாஸ்மா மாற்றி, ரிட்டுக்ஸிமாப், இம்யூனோகுளோபுலின் என்ற மருந்துகளைக் கொடுத்து அதை அடக்கி வைத்துப் பார்க்க இடமுண்டு. செலவும் தொற்று அபாயமும் கூடும். அளவு அதிகம் என்றால் நானே வேண்டாம் என்பேன்.

உங்கள் மனைவிக்கு வேறு கூடப்பிறந்தவர்கள் உண்டா? கூடப்பிறந்தவர்களில் நாலில் ஒருவருக்கு எச்எல்ஏ முழுசாகப் பொருந்த வாய்ப்பு. பொருந்திவிட்டால் அவருக்கு எதிரான எச்எல்ஏ ஆன்டிபாடி என்ற பேச்சே இல்லை. அக்கா, தங்கை இருந்து, 'கல்யாணமாகிப் போன பெண், அவளை எப்படிக் கேட்பது' என்று விட்டிருந்தால், ரத்தப் பரிசோதனைக்காவது கேளுங்கள். (நான் பார்த்த வரையில் நம் பக்கத்தில் கிட்னி கொடுக்க வருவது பெரும்பாலும் அம்மாவும் மனைவியும்தான். மனைவிக்காகக் கணவனும் அண்ணனும் போட்டிபோட்டு வந்து நிற்கிற வீட்டை அபூர்வமாகத்தான் பார்க்கிறேன். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.)

அண்ணனின் கிட்னியை வேறொரு குடும்பத்துக்குக் கொடுத்து, அந்தக் குடும்பத்தின் கொடையாளர் உங்கள் மனைவிக்குக் கொடுப்பது மாற்றுக் கொடை. ஸ்வாப் என்பார்கள். நெருங்கிய உறவினர்களுக்குள் பொருந்தாமல் போனால் சட்டம் இதற்கு இடம் கொடுக்கிறது. உங்களையும் அண்ணனையும் இரண்டு பேரையும் பட்டியலில் வைக்கச் சொல்லுங்கள். கூடவே, கிட்னி மாற்று செய்யும் மருத்துவமனை வழியாக, தமிழ்நாடு அரசின் உறுப்பு மாற்று ஆணையமான டிரான்ஸ்டானில் மூளைச்சாவுக் கொடைக்கும் பதிந்துவிடுங்கள். 2008 முதல் தமிழ்நாட்டில் ஒழுங்காக நடக்கிற திட்டம் இது. உறுப்புக் கொடுத்தவரின் உடலுக்கு அரசு மரியாதை என்று 2023-ல் அறிவித்த மாநிலம் நம்முடையது. முதல்வரின் காப்பீட்டுத் திட்டத்தில் கிட்னி மாற்றுக்கு இடமுண்டு. அட்டையை எடுத்துக்கொண்டு போங்கள்.

ஒன்றை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள்: இனி ரத்தம் ஏற்ற அவசரப்படாதீர்கள். ஹீமோகுளோபின் குறைந்தால் முதலில் இரும்புச் சத்து ஊசியும், ரத்தம் ஊற வைக்கிற எரித்ரோபொய்ட்டின் ஊசியும். உயிருக்கு ஆபத்து என்றால் ஏற்றித்தான் ஆக வேண்டும். அப்போது வெள்ளை அணு நீக்கிய ரத்தம் கேளுங்கள். ஏற்றிய தேதியை நோட்டில் எழுதுங்கள். ஒவ்வொரு பாட்டிலும் பொருந்தக்கூடிய ஆட்களின் பட்டியலைக் குறைத்துவிடலாம்.

மலை இறங்கி ஏறுவதைப் பற்றியும். டயாலிசிஸ் முடிந்த கையோடு பஸ்ஸில் ஏற்றாதீர்கள். ரத்த அழுத்தம் விழுந்து வளைவில் வாந்தி வரும். ஒரு மணி நேரமாவது படுக்க வைத்து, உட்கார்ந்த நிலையிலும் நின்ற நிலையிலும் பிரஷர் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். வீட்டிலேயே வயிற்றுக்குள் திரவம் விட்டு எடுக்கிற சிஏபிடி என்ற டயாலிசிஸ் முறை உங்களுக்கு ஒத்துவருமா என்று உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். ஒரு நாளைக்கு மூன்று, நாலு தரம் பை மாற்ற வேண்டும். சுத்தமான ஒரு அறை வேண்டும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவுகிற பொறுமை வேண்டும். காப்பி உலர்த்துகிற அறையில் மாற்றக் கூடாது. மலையில் இருப்பவர்களுக்கு இது பெரிய விடுதலை என்று நினைக்கிறேன். ஏனோ நம் ஊரில் அதிகம் பேசப்படுவதில்லை.

அம்மாவுக்கு ஒரு வார்த்தை. டயாலிசிஸ் போடும்போது ரத்தம் குழாயில் உறையாமல் இருக்க சிரிஞ்சில் ஒரு மருந்து ஏற்றுகிறார்களே, ஹெப்பாரின், அது பெரும்பாலும் பன்றிக் குடலின் உட்சவ்விலிருந்து எடுப்பது. இதய வால்வு மாற்றிக்கொண்டவர்களில் பன்றியின் வால்வோ மாட்டுத் திசுவில் செய்த வால்வோ வைத்தவர்கள் எத்தனையோ பேர். மனித இன்சுலின் வருவதற்கு முன் சர்க்கரைக்காரர்கள் போட்டுக்கொண்டது பன்றி, மாட்டுக் கணையத்து இன்சுலின்தான். உங்கள் மருமகள் இரண்டு வருடமாக வாரம் மூன்று தரம் ஹெப்பாரின் ஏற்றிக்கொண்டுதான் இருப்பாள். மே மாதத் திருவிழாவுக்கு அவளைத் தாராளமாகக் கூட்டிப் போங்கள்; குகைக் கோயிலுக்குள் குனிந்து போகும்போது டயாலிசிஸ் ஊசி குத்துகிற ஃபிஸ்டுலா கை பாறையில் இடிக்காமல் யாராவது பிடித்துக்கொள்ளட்டும். அந்தக் கையில் காப்புக் கயிறு இறுக்கிக் கட்ட வேண்டாம்.

ஆரஞ்சுக்கு வருகிறேன். பயம் பொட்டாசியத்தைப் பற்றியது. அது ஏறினால் இதயம் தாளம் தப்பும். கடைசிப் பரிசோதனையில் டயாலிசிஸுக்கு முன் எடுத்த பொட்டாசியம் 5-க்குக் கீழே இருந்தால், உங்கள் தோட்டத்துக் கமலாவில் சின்னதாக ஒன்று, சுளையாக, வாரத்துக்கு இரண்டு தரம் சாப்பிடலாம். அன்றைக்கு இளநீர், வாழைப்பழம், மாம்பழம் எதுவும் கூடாது. 5-க்கு மேல் இருந்தால் டாக்டர் சொல்லும்வரை வேண்டாம். பிழிந்து சாறாகக் குடிக்கக் கூடாது. மூன்று நாலு பழம் ஒரு டம்ளரில் போய்விடும். நட்சத்திரப் பழம் கிடைத்தால் ஒரு துண்டுகூட வாயில் வைக்க வேண்டாம், கிட்னி பழுதானவர்களுக்கு அது விஷம். பம்ப்ளிமாஸ் மரம் வீட்டில் இருந்தால் இருக்கட்டும். ஆனால் நாளைக்குக் கிட்னி வைத்த பிறகு அதைத் தொடக் கூடாது. எதிர்ப்பை அடக்கும் டாக்ரோலிமஸ் மாத்திரையின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும். கமலாவுக்கு அந்தத் தொல்லை இல்லை.